ஐம்பத்து மூன்றாம் நாள் படம்

என் தங்கை மரில்டாவும் நானும் பதினான்கு மாதம் பேசிக்கொள்ளவில்லை. காரணம் நான் எடுத்த ஒரு படம்.

நான் உள்ளாடைப் பட்டறையில் தைப்பவள். எங்கள் ஊர் பெட்ரா மோல்யாதாவில் பாதிப் பெண்களுக்கு அதுதான் பிழைப்பு. இருபத்தாறு வருஷம் பிரா பட்டிகளுக்குக் கொக்கி வைத்துத் தைத்த பிறகு, நாற்பத்தெட்டாவது வயதில் ஒரு பழைய கேமரா வாங்கினேன். கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் தொழிலை விட்டுவிட்டு ஊரைக் காலி செய்தபோது விற்றது. முதல் மாதம் எடுத்ததெல்லாம் ஒன்று கரி, இல்லாவிட்டால் சுண்ணாம்பு. பிறகு சனிக்கிழமை மத்தியானங்களில் ரொட்டிக்கடை மாடியில் கூடும் போட்டோ கிளப்பில் சேர்ந்தேன். மொத்தம் பதினோரு பேர். அதை நடத்துபவர் ஒட்டசீலியோ, மருந்துக்கடைக்காரர். என் வயதுதான். மாத்திரை எண்ணுகிற மாதிரியே பேசுவார்.

லென்ஸின் வாயை அகலத் திறந்தால் பின்னால் இருப்பது கரைந்துபோகும் என்று அவர் சொல்லிக்கொடுத்த அன்றைக்கு நான் வீட்டுக்கு வந்து ஒரு பூண்டை எடுத்தேன். பூண்டின் தோல் மட்டும் நரம்பு நரம்பாகத் தெரிந்தது. பின்னால் அடுப்பு, குக்கர், ஜன்னல் எல்லாம் பாலில் விட்ட காபி போலக் கலங்கி நின்றது. கறுப்பு பீன்ஸ் அடிப்பிடித்து வாசனை வந்த பிறகுதான் நிமிர்ந்தேன். மகன் சாவோ பாவுலோவில் இருக்கிறான், கணவர் எப்போதோ போய்விட்டார், அடிப்பிடித்ததைக் கேட்க ஆளில்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்து வெகு காலமாகியிருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் மரில்டாவை எடுத்தேன். ஒரு திங்கட்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலையில் முடியைச் சுருட்டும் சுருட்டிகள், வாயில் ஒரு கிளிப், நனைந்த இரவு உடை வயிற்றோடு ஒட்டியிருந்தது. தோளில் மட்டும் வெயில். எடுத்தேன். அவளிடம் சொல்லவில்லை. நகராட்சி மண்டபத்தில் கிளப் கண்காட்சி நடந்தபோது பெரிதாக அச்சடித்து, 'திங்கட்கிழமை' என்று பெயர் வைத்து மாட்டினேன். இரண்டாம் பரிசு கிடைத்தது.

அதற்கு அடுத்த வாரம் பஸ்ஸில் யாரோ ஒருத்தன், "வழி விடுங்கப்பா, திங்கட்கிழமை ஏறுது" என்றிருக்கிறான். பஸ் முழுக்கச் சிரிப்பு. அந்தப் பெயர் அவளோடு ஒட்டிக்கொண்டது.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியாக்கா?" என்று வந்து நின்றாள்.

நான் சொன்ன பதில்தான் உண்மையான குற்றம். "கேட்டிருந்தா நீ தலை சீவிக்கிட்டு வந்து நின்னிருப்ப. படம் கெட்டுப்போயிருக்கும்."

அன்றோடு பேச்சு நின்றது.

அவள் வீடு என் வீட்டுக்கு நேர் எதிரே, பள்ளத்துக்கு அந்தப் பக்கம், காபிம் குன்றின் சரிவில் இருந்தது. மஞ்சள் வீடு. அவள் கணவன் ஜெனேசியோ கொத்தனார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை பார்த்து, பதினோரு வருஷத்தில் தானே கட்டியது. என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அதுதான் தெரியும். இத்தனை கிட்டத்தில் இருந்துகொண்டு பேசாமல் இருப்பது சுலபமில்லை. அவள் விளக்கைப் போட்டாள், அணைத்தாள், துணி எடுத்தாள் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். காய்ச்சலாக இருக்கிறாளா என்பது மட்டும் தெரியாது.

நவம்பர் கடைசியில் ஒட்டசீலியோ எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்.

"அறுபது நாள். ஒரே இடம், ஒரே நேரம், ஒரே லென்ஸ். கேமராவை ஒரு நூல்கூட அசைக்கக் கூடாது. வெளிச்சம் மட்டும்தான் மாறணும். அப்பதான் வெளிச்சம்னா என்னன்னு புரியும்."

நான் சமையலறை ஜன்னலைத் தேர்ந்தெடுத்தேன். அங்கேதான் காலை வெளிச்சம் நன்றாக விழும் என்று கிளப்பில் சொன்னேன். அது பாதி உண்மை. சிமென்ட் தரையில் ட்ரைபாடின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தைச் சிவப்பு நகப்பூச்சால் குறித்துக்கொண்டேன். தினமும் காலை ஆறே காலுக்கு ஒரு படம். நடுவில் மஞ்சள் வீடு. அதன் கீழ்ப்பக்கம் ஒரு பெரிய அவகாடோ மரம், மரத்தை ஒட்டி ஒரு மின்கம்பம். பின்னால், உச்சியில், மொட்டைப் பாறை. பாறைமேல் வெள்ளைத் தண்ணீர்த்தொட்டி. இடது ஓரத்தில் தேவாலயக் கோபுரம்.

ஐம்பத்து மூன்றாம் நாள் ஒரு புதன்கிழமை. ஜனவரி மூன்றாம் வாரம். ஞாயிறு மாலையிலிருந்து மழை. பட்டறைக்கு வருடாந்திர விடுமுறை. படத்தை எடுத்து முடித்து, காபி போட்டுக்கொண்டு, அதுவரை எடுத்த ஐம்பத்து மூன்றையும் லேப்டாப்பில் ஏற்றி விரலை அம்புக்குறிமேல் வைத்து வேகமாக ஓட்டிப் பார்த்தேன். சும்மா, வெளிச்சம் எப்படி ஓடுகிறதென்று பார்க்கத்தான்.

மேகம் ஓடியது. பாறை கறுத்து, வெளுத்து, மறுபடி கறுத்தது. மஞ்சள் வீட்டின் ஜன்னல்கள் திறந்து மூடின. அழகாகத்தான் இருந்தது. ஆனால் முப்பதாவது படத்தைத் தாண்டும்போது மின்கம்பம் குனிந்தது.

மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். குனிந்தது. கம்பம் மட்டுமல்ல. மரமும் அதோடு கூடவே, வணக்கம் சொல்கிற மாதிரி, பள்ளத்தின் பக்கம் சாய்ந்தது.

கேமரா நகர்ந்திருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். நகப்பூச்சுப் புள்ளிகளைப் போய்ப் பார்த்தேன். கால்கள் அதன்மேல்தான் நின்றன. அப்படியே நகர்ந்திருந்தாலும் கோபுரமும் பாறையும் சேர்ந்து நகர்ந்திருக்க வேண்டும். கோபுரம் ஆணி அடித்த மாதிரி இருந்தது. பாறை இருந்தது. தொட்டி இருந்தது. அவற்றுக்கு நடுவில் மரில்டாவின் வீட்டுக்குக் கீழே இருந்த நிலம் மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது.

காபிக் கோப்பையை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. கேமரா கார்டை எடுத்துக்கொண்டு மழையில் ஓடினேன்.

மருந்துக்கடையில் ஒட்டசீலியோ ஒரு அம்மாளுக்கு இருமல் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். அவரை உள்ளே இழுத்துப்போய்க் கணினியில் காட்டினேன்.

"ட்ரைபாட் வழுக்கியிருக்கும்."

"கோபுரத்தப் பாருங்க."

பார்த்தார். ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்தார். முதல் நாள் படத்தில் கம்பத்துக்கும் தண்ணீர்த்தொட்டிக்கும் நடுவே மூன்று சென்டிமீட்டர். இன்றைக்கு நாலரை.

"கம்பம் சாயறது இந்த ஊர்ல அதிசயமா? ஒழுங்கா நட்டிருக்க மாட்டாங்க."

"மரமுமா ஒழுங்கா நடல?"

அவர் கடைசிப் பத்துப் படங்களை மட்டும் தனியாக ஓட்டினார். முதல் நாற்பது நாளில் நகர்ந்த அளவு கடைசி நான்கு நாளில் நகர்ந்திருந்தது. ஸ்கேலைக் கீழே வைத்துவிட்டு, "போன் பண்ணுங்க" என்றார்.

பேரிடர் அலுவலகத்தில் ஒரு பெண் எடுத்தாள். பின்னால் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம். ஊரின் வடக்கே ஏற்கெனவே ஒரு சரிவு விழுந்து, எல்லோரும் அங்கே இருந்தார்கள்.

"சுவர்ல விரிசல் இருக்காம்மா?"

"தெரியல."

"கதவு, ஜன்னல் இறுகுதா?"

"தெரியல. நான் எதிர்க் குன்றுல இருக்கேன்."

"பின்ன எப்படிச் சொல்றீங்க?"

"போட்டோ எடுத்தேன். ஐம்பத்து மூணு நாளா."

சிரிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். "இங்க இப்ப அனுப்ப ஆள் இல்ல. சாயங்காலம் ஆகும்" என்றாள். "அதுவரைக்கும் அங்க இருக்கிறவங்களக் கிளம்பச் சொல்லுங்க. நீங்க சொல்றது தப்பா இருந்தா நாலு பேர் திட்டுவாங்க, அவ்வளவுதான். சரியா இருந்தா..." அதற்குள் வேறு யாரோ கூப்பிட, வைத்துவிட்டாள்.

ஒட்டசீலியோ முதல் நாள் படத்தையும் கடைசி நாள் படத்தையும் பெரிதாக அச்சடித்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார். கடையை அடைத்துவிட்டு அவரும் வருகிறேன் என்றார். நான் காத்திருக்கவில்லை.

பள்ளத்தின் நடைபாலத்தைத் தாண்டி இருநூறு படி ஏற வேண்டும். படிகளில் தண்ணீர் சிற்றோடையாக இறங்கிக்கொண்டிருந்தது. செம்மண் நிறம். பதினான்கு மாதமாக நான் ஏறாத படிகள்.

கதவைத் திறந்தவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"கேமரா எங்க? இன்னைக்கு எடுக்கலையா? தலையில சுருட்டி இல்லியேன்னு பாக்கறியா?"

"மரில்டா, வீட்ட விட்டுக் கிளம்பு. சாமான் எதுவும் வேண்டாம். குன்று நகருது."

"என்னது?"

இரண்டு படங்களையும் நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது. ஆனால் நான் நினைத்தபடி இல்லை.

"இது என் வீடு."

"ஆமா. அந்த மரத்தப் பாரு..."

"ரெண்டு மாசமா என் வீட்ட எடுத்துக்கிட்டு இருக்கியா? தினமும்? ஜன்னல்ல உக்காந்துக்கிட்டு?"

"மரில்டா, மரம்..."

"மரமாம்! போன தடவை வயிறு, இந்தத் தடவை மரம். அடுத்து என்னக்கா, நான் குளிக்கறதா? அதுக்கு முதல் பரிசு குடுப்பாங்களா?"

படங்களை என் மேல் எறிந்துவிட்டுக் கதவை ஓங்கி அறைந்தாள். கதவு முக்கால்வாசி வந்து நிலையில் சிக்கி நின்றது. தோளால் முட்டினாள். நகரவில்லை. இழுத்தாள், மறுபடி முட்டினாள்.

"எத்தன நாளா இப்படி இறுகுது?" என்றேன் இடுக்கு வழியாக.

"மழைக்காலம். மரக்கதவு ஊறும். இதுகூடத் தெரியாதா?"

சத்தம் கேட்டு ஜெனேசியோ பின்னாலிருந்து வந்தான். அமைதியானவன். என்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, தரையிலிருந்து படங்களை எடுத்துத் துடைத்தான். "அண்ணி, பதினோரு வருஷம் கட்டின வீடு. அஸ்திவாரம் நான் தோண்டினது. இந்த வீடு எங்கயும் போகாது."

"வீடு போகல ஜெனேசியோ. வீட்டுக்குக் கீழ இருக்கிறது போகுது. மரத்தப் பாரு, சுவரப் பாரு. நடுவுல எவ்வளவு இடைவெளி? இதுல எவ்வளவு?"

அவன் இரண்டையும் ஜன்னல் கண்ணாடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான். உதட்டைப் பிதுக்கினான். "லென்ஸ் இப்படியெல்லாம் காட்டும்பாங்களே."

எனக்கு அழுகை வந்தது. அவன் கையிலிருந்து மரில்டா படங்களைப் பிடுங்கினாள், கிழிக்கத்தான். கிழிக்கவில்லை. மூக்குக்குக் கிட்டே வைத்து உற்றுப் பார்த்தாள்.

"ஜெனேசியோ."

"ம்?"

"கொடிக்கயிறு."

வீட்டுச் சுவரில் ஒரு கொக்கியிலிருந்து அவகாடோ மரத்துக்கு அவள் துணிக்கயிறு கட்டியிருந்தாள். முதல் படத்தில் அது தொய்ந்து, துணிகளின் பாரத்தில் தொங்கியது. கடைசிப் படத்தில் ஒரு துணியும் இல்லை. கயிறு கிட்டார் கம்பி போல இருந்தது.

"டிசம்பர்ல ஒரு தடவை அறுந்துது. ஒரு முழம் ஒட்டுப் போட்டேன்" என்றாள் மெதுவாக. "போன வாரம் மறுபடி அறுந்துது. மறுபடி ஒட்டுப் போட்டேன். மழையில கயிறு சுருங்குதுன்னு நெனச்சேன்."

ஜெனேசியோ அவளைப் பார்த்தான். "அது நைலான்டி. நைலான் சுருங்காது."

சொல்லிவிட்டு அவனே அப்படியே நின்றான். நாங்கள் மூவரும் சமையலறைக் கதவு வழியாகப் பின்பக்கம் பார்த்தோம். மழையில் கயிறு நடுங்கிக்கொண்டிருந்தது. காற்றே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மரில்டாவின் வேலை. நான் ஒருத்தி படத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போயிருந்தால் ஒருவரும் கிளம்பியிருக்க மாட்டார்கள். அவள் குக்கர் மூடியையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினாள். அந்தச் சரிவில் ஒன்பது வீடு. "எந்திரி! வெளிய வா! குன்று எறங்குது! டிவிய விடுடா, உசிரு இருந்தா வாங்கிக்கலாம்!" யார் மறுத்தாலும் அவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக் காட்டச் சொன்னாள். ஆறு வீட்டில் கதவைச் சாத்த முடியவில்லை. அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. ஒட்டசீலியோ வந்து சேர்ந்து, நடக்க முடியாத ஒரு கர்ப்பிணியைத் தாங்கிக்கொண்டு படியிறங்கினார். மத்தியானம் ஒன்றரை மணிக்குள் எட்டு வீடு காலி. எல்லோரும் சரிவைத் தாண்டி, தேவாலயக் கூடத்துக்குப் போனார்கள்.

ஒன்பதாவது வீடு அரிஸ்தேயுவினுடையது. எண்பதை நெருங்கியவர், தனியாள், ரயில்வேயில் இருந்தவர். எங்களை உட்காரச் சொல்லிக் காபி ஊற்றினார். படத்தை மரியாதையாகப் பார்த்தார்.

"நல்லா எடுத்திருக்கம்மா. தெளிவா இருக்கு."

"பெரியவரே, காபி அப்புறம். கிளம்புங்க" என்றாள் மரில்டா.

"எத்தன மழை பாத்தவன் நான். சரி, வரேன், வரேன். பீன்ஸ் அடுப்புல இருக்கு. இன்னும் அரை மணி நேரம். வெந்ததும் எடுத்துக்கிட்டு வரேன். அங்க இத்தன பேருக்கும் சாப்பாடு வேண்டாமா?"

நாங்கள் அவரைக் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அடுப்பை அணைத்திருக்க வேண்டும். வருகிறேன் என்று அவர் சிரித்த சிரிப்பில் நான் நம்பினேன். நம்புவது எனக்கு அப்போது சௌகரியமாக இருந்தது. கால்கள் ஓய்ந்துபோயிருந்தன. இதை நான் பாதிரியாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

மரில்டாவை என் வீட்டுக்குக் கூட்டிவந்து உலர்ந்த உடை கொடுத்துவிட்டு, பழக்கத்தில் கார்டை மறுபடி கேமராவில் செருகினேன். மூன்று மணி. ஜெனேசியோ கூடத்தில் ஆட்களை எண்ணிவிட்டுப் போன் செய்தான். அரிஸ்தேயு வரவில்லை. "நான் ஒரு எட்டுப் போய் அவரக் கூட்டிக்கிட்டு வரேன். நம்ம வீட்டு மெயின் சுவிட்சையும் அணைக்கல. கம்பி அறுந்து விழுந்தா யாருக்காவது ஷாக் அடிக்கும்."

"போகாத!" என்று மரில்டா கத்துவதற்குள் வைத்துவிட்டான்.

அவள் ஜன்னலுக்கு ஓடினாள். மழைத்திரையில் எதிர்க் குன்று ஒரு சாம்பல் நிழல். கண்ணுக்கு மஞ்சள் புள்ளி மட்டும் தெரிந்தது.

"அக்கா, அதுல பாக்க முடியுமா? அந்தக் கேமராவுல?"

ட்ரைபாடில் அது நின்ற இடத்திலேயே நின்றது. லென்ஸை முழுதாக இழுத்து, வீட்டின்மேல் வைத்து, கூர்மை செய்து கொடுத்தேன். "இங்க கண்ணு வை. தொடாத, ஆடும்." தொடாமல் இருப்பாளா? இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள். நான் ஜெனேசியோவுக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"தெரியுதா?"

"கதவுல நிக்கறான். உள்ள போறான்... போயிட்டான்... எடுக்க மாட்டேங்கறானா?"

"அடிக்குது."

"வந்துட்டான். பெரியவர் வீட்டுப் பக்கம் போறான். படியில தண்ணி பாதி காலுக்கு வருதுக்கா. எடுக்கச் சொல்லு!"

நான்காவது முறை எடுத்தான். மழை இரைச்சலில் அவன் குரல் துண்டு துண்டாக வந்தது. "சுவிட்ச அணைச்சிட்டேன் அண்ணி. இதோ, பெரியவர் வாசல்ல பானையோட நிக்கறார். ரெண்டே நிமிஷம்..."

அப்போது மரில்டா ஏதோ சொன்னாள். மிகச் சின்னக் குரலில். நான் திரும்பிப் பார்த்தேன். கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல் மறுபடி சொன்னாள்.

"மரம் நடக்குதுக்கா."

"என்ன?"

"நிமிந்து நின்னுக்கிட்டே நடக்குது."

"ஜெனேசியோ, ஓடு!" போனில் கத்தினேன். "எங்க போகச் சொல்ல? எந்தப் பக்கம், மரில்டா? எந்தப் பக்கம்!"

"கோபுரம்! கோபுரத்துப் பக்கம்! அங்க நகரல!"

"கோபுரத்துப் பக்கம் ஓடு! விடு, எல்லாத்தையும் விடு!"

போனில் அவன் மூச்சு. காலடி. பிறகு ஒரு சத்தம். ரயில் சுரங்கத்துக்குள் நுழைகிற மாதிரி. அது போனில் கேட்டதா, ஜன்னல் வழியாகக் கேட்டதா, என் வீட்டுத் தரை வழியாக வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இணைப்பு அறுந்தது. ஜன்னலில் பார்த்தபோது மஞ்சள் புள்ளி இல்லை. அந்த இடத்தில் உச்சியிலிருந்து பள்ளம்வரை ஒரு சிவப்புக் காயம்.

மரில்டா கேமராவை விடவில்லை. அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன்.

ஜெனேசியோவை நாற்பது நிமிடம் கழித்துக் கண்டெடுத்தார்கள். சரிவின் இடது ஓரத்தில், இடுப்புவரை சேற்றில். இடது கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது, உயிர் இருந்தது. கூடத்திலிருந்த ஆண்கள் தட்டுகளாலும் கைகளாலும் தோண்டினார்கள். தீயணைப்பு வண்டி வருவதற்குள் அவன் முகத்தைக் கழுவியே விட்டிருந்தார்கள். அரிஸ்தேயுவின் கையைப் பிடித்துத்தான் ஓடியதாக அவன் சொன்னான். பிடி எப்போது நழுவியது என்று தெரியவில்லை என்றான். மருத்துவமனையில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னான். அவர் உடலை மறுநாள் மத்தியானம் எடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை நான் கார்டைத் திறந்தபோது அதில் நான் எடுக்காத பதினாறு படங்கள் இருந்தன. மரில்டா கேமராவை இறுக்கிப் பிடித்தபோது அவள் விரல் ஷட்டரில் இருந்திருக்கிறது. பாதி ஆடிப்போனவை. ஆனால் நடுவில் நான்கு படம் துல்லியமாக இருந்தன: மரம் நின்றபடி இறங்குவது, மஞ்சள் சுவர் புத்தகம் போல மடிவது. அந்த மாதிரிப் படத்தை எங்கள் கிளப்பில் யாரும் எடுத்ததில்லை, எடுக்கப்போவதும் இல்லை. செய்தி எப்படியோ பரவி, ஒரு பத்திரிகைக்காரர் வாசலில் வந்து நின்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மரில்டா முன்னால் வந்தாள். "எடுத்தது நான். தர மாட்டேன்."

"ஊருக்கே ஒரு எச்சரிக்கையா இருக்கும் அம்மா..."

"எச்சரிக்கைக்கு எங்க அக்கா எடுத்த அம்பத்து மூணு இருக்கு. அதக் கேளுங்க, தருவா. இதுல அந்தப் பெரியவர் இருக்கார்."

பத்திரிகைக்காரர் போன பிறகு, "அக்கா, உங்கிட்ட கேக்காம சொல்லிட்டேன்" என்றாள். நான் பரவாயில்லை என்றேன். அதற்குமேல் அந்தப் பழைய விஷயத்தை நாங்கள் பேசவில்லை. மன்னிப்பு கேட்க நான் பல நாள் வார்த்தை தேடினேன்; அவள் என் இரண்டு அறை வீட்டில் தங்கிக்கொண்டு, காபி தண்ணீராக இருக்கிறதென்றும், என் தலையணை நாறுகிறதென்றும் சண்டை போட்டுக்கொண்டே இருந்ததால் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை.

பேரிடர் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்து ஐம்பத்து மூன்று படங்களையும் வாங்கிப் போனார். ஊரில் இதுபோல எத்தனை சரிவுக்கு எதிரே ஜன்னல் இருக்கிறது என்று கேட்டார். இப்போது கிளப்பில் ஆளுக்கு ஒரு குன்று. ஒட்டசீலியோ பட்டியல் போட்டு மருந்துக்கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் எனக்கு அதில் முன்பிருந்த சந்தோஷம் இல்லை. ஆனாலும் எடுக்கிறேன்.

பிப்ரவரி நடுவில் அரிஸ்தேயுவின் மகள் நித்தெரோயிலிருந்து வந்தாள். ஐம்பது வயதிருக்கும், கையில் ஒரு குடை, பயண அலுப்பு. அப்பாவின் படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றாள். நினைவுத் திருப்பலிக்கு அட்டை அச்சடிக்க வேண்டும். "நீங்க அந்தப் பக்கத்தத் தினமும் எடுத்தீங்கன்னு சொன்னாங்க."

"எடுத்தேன். ஆனா அவர எடுக்கல. அவர் வீடு ஓரத்துல சின்னதாத்தான் வரும்."

அவள் தலையாட்டினாள். கிளம்ப எழுந்தாள். மரில்டா அவளை உட்காரவைத்துவிட்டு என்னிடம், "தேடாமயே இல்லன்னு எப்படிச் சொல்ற? திற" என்றாள்.

மேசையில் மூவரும் உட்கார்ந்து ஒவ்வொரு படத்தையும் இடது ஓரத்தில் பெரிதாக்கிப் பார்த்தோம். என் படங்களை மரில்டா அப்படி ஒவ்வொன்றாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவள் வீடு அதில் திரும்பத் திரும்ப வந்தது. ஒரே ஒரு இடத்தில் மட்டும், "இன்னிக்கு நான் ஜன்னல் துடைச்சேன்" என்றாள். பதினெட்டாம் நாளில் அரிஸ்தேயுவின் வாசலில் ஒரு நிழல். இருபத்தைந்தில் முதுகு. முப்பத்தொன்றில், மழை விட்டு வெயில் அடித்த காலை, அவர் வாசல் திண்டின்மேல் சாய்ந்து நேராக எங்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். கையில் கோப்பை. அதைச் சற்று உயர்த்தியிருந்தார். யாரோ ஜன்னலில் நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பெரிதாக்கினால் முகம் புள்ளி புள்ளியாக உடைந்தது. நான் அதைச் சரிசெய்யப் பார்த்தேன், இன்னும் கெட்டது. அப்படியே விட்டுவிட்டு ஒட்டசீலியோவின் கடையில் அச்சடித்துக் கொண்டுவந்தேன். உள்ளங்கை அளவு.

மகள் அதை வெகுநேரம் பார்த்தாள். "மூக்கு தெரியல. ஆனா நிக்கறது அப்பாதான்" என்றாள்.

நனையாதபடி அதைப் பைக்குள் வைத்துக்கொண்டு குடையை எடுத்தாள். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. மரில்டா அவளோடு நிறுத்தம்வரை போனாள். திரும்பும்போது சந்தையில் ஒரு குக்கர் வாங்கி வந்தாள். என் குக்கரில் பீன்ஸ் ஒருநாளும் சரியாக வேகாதாம்.